முகத்தில் காயமா? முதலில் குரலைக் கேளுங்கள்

மம்மல் பொழுது. வயல்கரைப் பாதையில் மோட்டார் சைக்கிளில் வந்து விழுந்த இரண்டு பெடியங்களை லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிவந்து எங்கள் விபத்துப் பிரிவு வாசலில் இறக்கினார்கள். பின்னால் இருந்து வந்தவனுக்கு நெற்றி பிளந்து முகம், சேட், சாரம் எல்லாம் இரத்தம். ஊரைக் கூட்டிக் கத்திக்கொண்டிருந்தான். ஓட்டி வந்தவனுக்கு வெளிக்காயம் எதுவும் இல்லை. பாதைக்குக் குறுக்கே இழுபட்டுக் கிடந்த மாட்டுக் கயிறு கழுத்தில் மாட்டி விழுந்திருக்கிறான். கழுத்தின் முன்பக்கத்தில் கயிறு அழுத்திய சிவந்த கோடு ஒன்று மட்டும். தானாகவே நடந்துபோய் வாங்கில் இருந்து, முழங்காலில் கைகளை ஊன்றி முன்னுக்குச் சரிந்திருந்தான்.

"எனக்கு ஒண்டுமில்லை அக்கா, அவனைப் பாருங்கோ" என்றான். குரல் கரகரத்தது.

"உன்ரை குரல் எப்பவும் இப்பிடித்தானோ தம்பி?"

இல்லை என்று தலையாட்டினான்.

வந்தவர்கள் எல்லாரும் கத்தியவனைச் சுற்றி நின்றார்கள். உயிருக்கு ஆபத்து வாங்கில் இருந்தவனுக்கு.

முகக் காயம் பார்ப்பவரின் கண்ணை இழுத்துவிடும். ஆபத்து பல வேளைகளில் கண் போகாத இடத்தில் இருக்கும். தாதியத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கும், முதலுதவி வகுப்புக்கு வருபவர்களுக்கும், விபத்துச் சத்தம் கேட்டதும் முதலில் ஓடிப்போகும் கடைக்காரருக்கும் ஓட்டோக்காரருக்கும் இது விளங்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

வன்னியில் முகமும் கழுத்தும் அடிபடும் வழிகள் கொஞ்சம் தனியானவை. இரவில் ஏ9 வீதியில் படுத்துக் கிடக்கும் மாடுகள், பின்விளக்கு இல்லாத உழவு இயந்திரப் பெட்டி, வயலைச் சுற்றி இழுத்த முள்ளுக்கம்பி. பாலைப்பழக் காலத்தில் காட்டுக்குப் போனவரைக் கரடி தாக்கினால் முகமும் தலையும்தான் அதிகம் கிழிபடும். பன்றிக்கு வைத்த வெடி கைதவறி முகத்துக்குக் கிட்ட வெடிப்பதுண்டு. சூடடிக்கும் மெசினிலோ மோட்டார் சைக்கிள் சில்லிலோ சேலைத் தலைப்புச் சிக்கிக் கழுத்தை இறுக்குவதுண்டு. அதனால் என்ன பட்டது, எந்த வேகத்தில் பட்டது, எந்தப் பக்கமிருந்து பட்டது என்று கூட வந்தவர்களிடம் கேட்டு வையுங்கள். அந்தப் பெடியனைப் பொறுத்தவரை "கயிறு கழுத்தில் பட்டது" என்ற மூன்று சொல்லே பாதி நோயறிதல்.

தூரத்தையும் மறக்கக்கூடாது. கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை ஏறத்தாழ 65 கிலோமீற்றர். முல்லைத்தீவிலிருந்து என்றால் 100 ஐத் தாண்டும். பட்டணத்தில் பத்து நிமிடத்தில் நிபுணரிடம் போய்விடும் ஒரு கழுத்துக் காயம், இங்கே ஒன்றரை மணித்தியாலம் அம்புலன்ஸில் இருக்கும். ஆபத்தை முன்கூட்டியே இனங்காண்பது எங்களுக்கு மற்றவர்களைவிட அதிகம் தேவை.

இரத்தமும் மூச்சும்

முகத்திலும் தலைத்தோலிலும் இரத்தக்குழாய்கள் மிக நெருக்கமாக ஓடுகின்றன. சின்ன வெட்டுக்கூட வாளி வாளியாய் ஓடுவது போலத் தெரியும். ஆனால் கீழே உறுதியான எலும்பு இருப்பதால், சுத்தமான துணியை வைத்து அமத்திப் பிடித்தால் பெரும்பாலும் நின்றுவிடும். நெற்றி பிளந்தவனுக்கு அப்படித்தான் நின்றது. ஒருவரை அமத்திப் பிடிக்க விட்டுவிட்டு நாங்கள் மற்றவனிடம் போனோம். வயது வந்த ஒருவர் முகக் காயத்தோடு வந்து இரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போனால், முகத்தை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். வயிறு, நெஞ்சு, இடுப்பெலும்பு, தொடையெலும்பு என்று தேடிப் பாருங்கள்.

முகக் காயத்தில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் மூச்சுப்பாதை அடைபடுவது. இரத்தம், வாந்தி, உடைந்த பல், கட்டுப்பல், வீக்கம், பின்னுக்குச் சரிந்த நாக்கு, இவற்றில் எதுவும் அடைக்கலாம். சோதிக்கக் கருவி தேவையில்லை. பேரைக் கேளுங்கள். தெளிவான குரலில் முழு வசனமாகப் பதில் வந்தால் அந்த நிமிடத்தில் மூச்சுப்பாதை திறந்திருக்கிறது, மூளைக்கும் ஒட்சிசன் போகிறது. "அந்த நிமிடத்தில்" என்பதைக் கவனியுங்கள். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி கேட்க வேண்டும். முகமும் தொண்டையும் மெதுவாக வீங்கும்.

சத்தங்களைப் பிரித்துக் கேட்கப் பழகுங்கள். களகளவென்று நீர் கொதிப்பது போல வந்தால் தொண்டையில் இரத்தமோ எச்சிலோ தேங்கியிருக்கிறது, உறிஞ்சி எடுக்க வேண்டும். குறட்டை மாதிரி வந்தால் நாக்கு பின்னுக்குப் போய்விட்டது. மூச்சை உள்ளே இழுக்கும்போது சீழ்க்கை மாதிரிக் கீச்சென்று கேட்டால் குரல்வளை ஒடுங்குகிறது. இது கேட்டால் அந்த நொடியே மூத்த டொக்டரையும் மயக்க மருந்து டொக்டரையும் கூப்பிட வேண்டும். எச்சில் விழுங்க முடியாமல் வாயால் வழிவதும் அதே அளவுக்குக் கெட்ட அறிகுறி. சத்தமே இல்லாமல் நெஞ்சு மட்டும் மேலும் கீழும் போனால் முழுதாக அடைபட்டுவிட்டது.

ஒரு பிழையைத் தெரியாமல் பலரும் செய்கிறார்கள். அடிபட்டவர் என்றதும் மல்லாக்கப் படுக்க வைக்கிறார்கள். கீழ்த்தாடை இரண்டு பக்கமும் உடைந்தவருக்கு நாக்கைப் பிடித்து வைத்திருக்கும் முன்பக்க எலும்பு பிடிமானமில்லாமல் தொங்கும். இருக்கும்வரை நாக்கு முன்னுக்கு விழும், மூச்சு வரும். படுக்க வைத்த உடனே நாக்கு பின்னுக்கு விழுந்து தொண்டையை மூடும். அவர் எழும்ப முண்டுவார். "குழப்படி செய்யாதேங்கோ ஐயா" என்று நாங்கள் தோளைப் பிடித்து அமத்தினால் அவர் உயிரை நாங்களே எடுப்பதாகிவிடும். நினைவோடு இருப்பவர் எந்த நிலையில் தனக்கு மூச்சு வருகிறது என்று தேடி இருக்கிறாரோ, அந்த நிலையிலேயே இருக்க விடுங்கள். முன்னுக்குக் குனிந்து இரத்தத்தைத் துப்பட்டும். பின்னால் ஒருவர் நின்று தலையை இரண்டு கையாலும் அசையாமல் தாங்கிக்கொண்டால் முள்ளந்தண்டுக்கும் பாதுகாப்பு.

நினைவில்லாதவர் என்றால் வேறு கதை. கழுத்தை நிமிர்த்தி மடக்காமல், காதுக்குக் கீழே தாடை வளையும் மூலையில் விரல்களை வைத்துத் தாடையை முன்னுக்குத் தள்ளுங்கள். வாய்க்குள் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எடுங்கள், தெரியாததை விரலால் துழாவ வேண்டாம். வாந்தி வந்தால் தலை, கழுத்து, உடம்பு மூன்றும் ஒரே கோட்டில் இருக்க இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து பக்கவாட்டில் உருட்ட வேண்டும். முகத்தில் பலமாக அடிபட்டவர் எல்லாருக்கும் கழுத்தெலும்பும் உடைந்திருக்கலாம் என்று வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள். பிடரியில் நடுக்கோட்டில் நோவு, கைகால் விறைப்பு, குடிபோதை, இவற்றில் ஒன்று இருந்தாலும் ஸ்கான் பார்க்கும்வரை கழுத்தை அசைக்க விடக்கூடாது.

முகத்தை மேலிருந்து கீழாகப் பார்த்தல்

மூச்சும் இரத்தமும் கட்டுக்குள் வந்த பிறகுதான் முகத்தை விபரமாகப் பார்க்கலாம். முதலில் தலைமாட்டில் நின்று மேலிருந்து பாருங்கள். ஒரு பக்கக் கன்னம் தட்டையாகி இருந்தால் அந்த நிலையில் சட்டென்று தெரியும். ஓரிரு மணித்தியாலத்தில் வீக்கம் அதை மூடிவிடும், பிறகு இரண்டு கன்னமும் ஒன்றுபோலத் தெரியும். சொக்கையெலும்பு உடைந்தவருக்கு மேலுதட்டிலும் கன்னத்திலும் விறைப்பு இருக்கும், வாய் திறக்கக் கஷ்டப்படுவார்.

கண்ணுக்கு முதலிடம் கொடுங்கள். இமை வீங்கி மூடிவிடுவதற்கு முன்னமே ஒவ்வொரு கண்ணாக மறைத்து, "எத்தனை விரல் காட்டுறன்?" என்று கேட்டு எழுதிவிடுங்கள். கண்மணி வட்டமாக இல்லாமல் கண்ணீர்த் துளி போல ஒரு பக்கம் இழுபட்டிருந்தால் கண் கிழிந்திருக்கிறது. அதன்மேல் விரலோ பஞ்சோ படக்கூடாது. கடதாசிக் கோப்பை ஒன்றின் அடிப்பகுதியை வெட்டி, கண்ணைத் தொடாதபடி குடை மாதிரிக் கவிழ்த்து ஒட்டி அனுப்புங்கள். கிட்டிப்புள் பட்ட பிள்ளைகளுக்கு இது தேவைப்படலாம். கண் முன்னுக்குத் தள்ளி, கல்லுப்போல இறுகி, பார்வை மங்கிக்கொண்டு போனால் கண்ணுக்குப் பின்னால் இரத்தம் தேங்குகிறது. அதை ஓரிரு மணித்தியாலத்துக்குள் திறந்துவிடாவிட்டால் பார்வை திரும்பாது. ஸ்கானுக்கு வரிசையில் நிற்கும் விஷயம் இல்லை.

சிறுபிள்ளைகளிடம் ஒரு பொறி உண்டு. கண்ணைச் சுற்றிக் கண்டல்கூட இல்லாமல், பிள்ளை சத்தியெடுத்துச் சோர்ந்து கிடக்கும். நாடித்துடிப்பும் குறைந்திருக்கும். தலையில் அடிபட்டதால் என்று எல்லாரும் நினைப்போம். மேலே பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கண் மேலே போகவில்லை என்றால் கண்குழியின் தரை எலும்பு வெடித்து அதற்குள் தசை மாட்டிக்கொண்டிருக்கிறது. அதை விரைவாக விடுவிக்க வேண்டும்.

மூக்கு உடைவது சாதாரணம்தான். ஆனால் துவாரத்துக்குள் வெளிச்சம் அடித்துப் பாருங்கள். நடுச்சுவரின் பக்கத்தில் முந்திரிகைப் பழம் போலச் சிவந்து மெத்தென்று வீங்கியிருந்தால் அன்றைக்கே இரத்தத்தை வெளியேற்ற வேண்டும். விட்டால் குருத்தெலும்பு அழுகி மூக்குப் பள்ளமாகிவிடும். மூக்காலோ காதாலோ தண்ணீர் போலத் தெளிவாக வழிந்தால் அது மூளையைச் சுற்றியுள்ள நீராக இருக்கலாம். பஞ்சு அடைக்க வேண்டாம், மூக்குச் சிந்த விட வேண்டாம், மூக்கு வழியாகக் குழாய் எதுவும் போட வேண்டாம்.

முகத்தின் நடுப்பகுதியைப் பற்றி 1901 இல் பிரெஞ்சு சத்திரசிகிச்சை நிபுணர் றெனே லு ஃபோர் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார். இறந்த உடல்களின் முகங்களை அடித்துப் பார்த்து, அந்த எலும்புகள் மூன்று வழமையான கோடுகளில் உடைகின்றன என்று எழுதினார். இன்றைக்கும் அந்த மூன்றையும் அவர் பேராலேயே சொல்கிறோம். மேல்வரிசை முன்பற்களை ஒரு கையால் பிடித்து மெல்ல ஆட்டி, மற்றக் கையை இரண்டு கண்ணுக்கும் நடுவே மூக்குத் தொடங்கும் இடத்தில் வையுங்கள். பல்வரிசை மட்டும் ஆடினால் முதலாவது, மூக்கும் சேர்ந்து ஆடினால் இரண்டாவது, கன்னத்தோடு முழு முகமே ஆடினால் மூன்றாவது. ஒரு தடவை மெல்ல ஆட்டினால் போதும்.

கீழ்த்தாடைக்கு நல்ல கேள்வி ஒன்றே ஒன்று: "பல்லைக் கடிச்சுப் பாருங்கோ, முந்தி மாதிரிப் பொருந்துதா?" தன் பல்வரிசை ஒரு மயிரிழை மாறினாலும் ஆளுக்குத் தெரியும். நாக்கை அமத்தும் தடியைக் கொடுப்புப் பல்லால் கடிக்கச் சொல்லி நாம் முறுக்கிப் பார்க்கலாம். தடி முறியும்வரை கடித்துப் பிடித்தால் தாடை உடைந்திருக்க வாய்ப்புக் குறைவு. நாக்குக்குக் கீழே நீலமாகக் கண்டியிருந்தால் உடைவு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். தாடை வளையம் மாதிரி, ஓரிடத்தில் உடைந்தால் இன்னோரிடத்திலும் தேடுங்கள். நாடி (மோவாய்) கிழிந்து வரும் பிள்ளையின் காதுக்கு முன்னால் தொட்டுப் பாருங்கள். விழுந்த வேகம் அங்கேதான் போய் முட்டும்.

விழுந்த நிரந்தரப் பல்லை வேரில் தொடாமல் வெளிப்பக்கத்தில் பிடித்து எடுத்து, பாலில் மெல்ல அலசி, ஆள் நினைவோடு இருந்தால் அந்தக் குழியிலேயே திருப்பி வைக்கலாம். முடியாவிட்டால் ஆறிய பாலில் போட்டு உடனே கொண்டுவாருங்கள். தண்ணீரில் போட வேண்டாம். அரை மணித்தியாலத்துக்குள் வைத்தால் பிடிக்க நல்ல வாய்ப்பு உண்டு. பாற்பல்லைத் திருப்பி வைப்பதில்லை. பல்லைக் காணவில்லை என்றால் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்க வேண்டும், அது நுரையீரலுக்குள் போயிருக்கலாம்.

கன்னத்தில் ஆழமான வெட்டு என்றால் விறைப்பு மருந்து போடுவதற்கு முன் நெற்றியைச் சுருக்கவும், கண்ணை இறுக்கி மூடவும், பல்லைக் காட்டவும் சொல்லுங்கள். ஒரு பக்கம் வரவில்லை என்றால் முகநரம்பு அறுந்திருக்கிறது. விறைப்பு ஊசி போட்ட பிறகு இதை அறிய வழியில்லை. நாய் முகத்தில் கடித்திருந்தால் தையலுக்கு அவசரப்படாமல் சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். தலைக்குக் கிட்டக் கடித்தால் விசர்நோய் மூளைக்குப் போகும் பாதை குறுகியது. விசர்நாய்க்கடி ஊசியோடு, காயத்துக்குள்ளேயே போடும் எதிர்ப்பு மருந்தும் அதே நாளில் தேவை. ஏற்புத் தடுப்பூசியையும் மறக்க வேண்டாம்.

கழுத்து

கழுத்து ஒரு சாண் நீளம்கூட இல்லை. அதற்குள் மூச்சுக்குழாய், உணவுக்குழாய், மூளைக்குப் போகும் தமனிகள், முள்ளந்தண்டு எல்லாம் நெருங்கிக் கிடக்கின்றன. தோலுக்குக் கீழே பிளாட்டிஸ்மா என்று மெல்லிய தசைத்தாள் ஒன்று உண்டு. வெட்டோ குத்தோ அதைத் தாண்டவில்லை என்றால் பெரும்பாலும் மேல்காயம். தாண்டிவிட்டால் வெளியே அரை அங்குலம்தான் தெரிந்தாலும் பெரிய காயம். எவ்வளவு ஆழம் என்று விரலையோ கத்தரிக்கோலையோ விட்டுப் பார்க்கவே கூடாது. அடைத்து நின்ற இரத்தக்கட்டி பெயர்ந்தால் பிறகு பிடிக்க முடியாது. குத்தியிருக்கும் கம்பியையும் தடியையும் அப்படியே விட்டு, ஆடாமல் சுற்றித் துணி அடுக்கி அனுப்புங்கள்.

சில அறிகுறிகளைக் கண்டால் ஸ்கானுக்கே காத்திருக்காமல் சத்திரசிகிச்சைக்குப் போக வேண்டும். துடித்துத் துடித்துப் பாயும் இரத்தம், கண்முன்னே பெருக்கும் வீக்கம், காயத்தால் காற்றுக் குமிழி வருவது, கை வைத்தால் அதிர்வது, ஒரு பக்கக் கைகால் வழங்காமல் போவது, இரத்த அழுத்தம் விழுவது. குரல் கரகரப்பு, விழுங்கும்போது நோவு, துப்பலில் இரத்தம் ஆகியவை கொஞ்சம் மெல்லிய அறிகுறிகள். ஆனாலும் வீட்டுக்கு அனுப்பும் அறிகுறிகள் அல்ல. உணவுக்குழாய் கிழிந்தால் முதல் நாள் ஒன்றுமே தெரியாமல் இருந்து, நெஞ்சுக்குள் கிருமி பரவிய பிறகுதான் காய்ச்சலும் நோவும் வரும்.

இரத்தம் பாய்ந்தால் துணியை வைத்து விரலால் நேராக அந்தப் புள்ளியை அழுத்துங்கள். கழுத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டக்கூடாது. வீங்கும் கழுத்தில் அந்தக் கட்டே சுருக்குக் கயிறாகிவிடும். பெரிய நாளம் திறந்திருந்தால் காற்று உள்ளே இழுபடும், அதனால் காயத்தைக் காற்றுப்புகாமல் மூடி, மூச்சுக்குப் பிரச்சினை இல்லாவிட்டால் தட்டையாகப் படுக்க வையுங்கள். வீக்கம் இருந்தால் பேனையால் அதன் ஓரத்தைக் கோடிட்டுப் பக்கத்தில் நேரத்தை எழுதுங்கள். கால் மணித்தியாலத்தில் வீக்கம் கோட்டைத் தாண்டினால் அதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை. குத்துக் காயம் பட்டு, கைகால் நன்றாக இயங்கும் ஒருவருக்கு வழமைக்காகக் கழுத்துப் பட்டி மாட்டுவதால் பயன் குறைவு, அது வீக்கத்தையும் மறைத்துவிடும்.

கயிறு பட்ட பெடியனின் கழுத்தில் விரலை வைத்தபோது தோலுக்குக் கீழே நெற்பொரி நசுங்குவது போல நெறுநெறுத்தது. குரல்வளை உடைந்து காற்றுத் தோலுக்குள் கசிகிறது என்று அர்த்தம். வழமையாக ஆம்பிளைகளுக்குத் தொண்டையில் துருத்திக்கொண்டு தெரியும் குருத்தெலும்பு முனை அவனுக்குத் தட்டையாகிவிட்டிருந்தது. இருந்தபடியே ஒட்சிசன் கொடுத்தோம். அவசரப்பட்டு வாய்வழியாகக் குழாயைத் தள்ளவில்லை. உடைந்த குரல்வளையில் குழாய் வழிதவறினால் மிச்சமிருந்த மூச்சும் போய்விடும். டொக்டர்மார் அவன் விழித்திருக்கும்போதே தொண்டையில் கீழே துளையிட்டுக் குழாய் வைத்தார்கள். நெற்றி பிளந்தவன் தையலோடு அடுத்த நாள் வீட்டுக்குப் போனான். இவன் யாழ்ப்பாணத்தில் பல நாள் இருந்தான்.

கழுத்தை நெரித்த காயத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வீட்டுச் சண்டையில் கணவன் கழுத்தைப் பிடித்து நெரித்த பெண் வேறொரு காரணம் சொல்லி வருவார், தலையிடி என்பார். கழுத்தில் தடம் எதுவும் இல்லாமலும் இருக்கலாம். குரல் மாற்றம், கண் வெள்ளையில் சிவப்புப் பொட்டுகள், அந்த நேரம் சலம் போனது, கொஞ்சம் நினைவு தப்பியது, இவை எதுவாக இருந்தாலும் பாரதூரம். உள்ளே தமனிச்சுவர் கிழிந்து நாட்கள் கழித்துப் பாரிசவாதம் வரலாம். கூட வந்தவரை வெளியே இருத்திவிட்டு, "ஆராவது கழுத்தைப் பிடிச்சவையோ அம்மா?" என்று மெதுவாகக் கேளுங்கள். கேட்டால் சொல்லுவார்கள். கேட்காவிட்டால் பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள்.

எங்கள் மண்ணுக்கே உரிய இன்னொன்று. வன்னியில் நடுவயதைத் தாண்டிய பலரின் உடம்பில் இன்னும் பீஸ், அதாவது போரில் பாய்ந்த எறிகணைச் சிதறல், கிடக்கிறது. 2009 இல் பட்டது, அதற்கு முன்னம் பட்டது. விபத்தில் வந்தவரின் கழுத்து எக்ஸ்ரேயில் உலோகத் துண்டு வெள்ளையாகத் தெரியும்போது அது இன்றைக்கு வந்ததா, பழையதா என்று திகைத்து நிற்போம். "முந்திக் காயப்பட்டனீங்களோ ஐயா, உள்ளுக்கை பீஸ் இருக்கோ?" என்று கேளுங்கள், பழைய தழும்பைத் தடவிப் பாருங்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கு அனுப்பினால் இதை எழுதியே அனுப்ப வேண்டும். அந்தக் காந்தம் இரும்புத் துண்டை அசைத்துவிடலாம். கண்ணுக்குள்ளோ கழுத்துக்குள்ளோ கிடக்கும் துண்டு அசைந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

விபத்து நடந்த இடத்தில் நிற்பவர்கள் 1990 இலக்கத்துக்கு எடுத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். அது வந்ததும் ஏற்றிவிட்டு ஒதுங்கிவிடாதீர்கள். நீங்கள் கண்டதை நேரத்தோடு சொல்லுங்கள். "ஆறரைக்கு நல்லாக் கதைச்சவன், ஏழு மணிக்குக் குரல் கரகரத்திட்டுது, இப்ப எச்சில் விழுங்கேலாமக் கிடக்கு" என்று நீங்கள் சொல்லும் வசனத்தைக் கேட்டு, எந்த டொக்டரும் கையில் இருக்கும் மற்ற வேலையைப் போட்டுவிட்டு வருவார்.